கடற்கரைச் செய்தியில் வரும் ஈ.கோலையும் கிட்னியைத் தாக்கும் ஈ.கோலையும்: ஷிகா நச்சு பற்றி ஒரு விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பலத்த மழை பெய்து ஓய்ந்தால் இரண்டொரு நாளில் அந்தச் செய்தி வந்துவிடும்: இன்னின்ன கடற்கரைகளில் குளிக்க வேண்டாம், தண்ணீரில் ஈ.கோலை அளவு கூடிவிட்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இது வாடிக்கையாகவே ஆகிவிட்டது. டர்பன் இருக்கும் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 430க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த வெள்ளத்தில் கழிவுநீர் பம்பு நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் உடைந்து, கழிவு உம்கேனி ஆற்றிலும் கடலிலும் நேராகக் கலந்தது. டொங்காட்டில் குடிநீர் நிலையமே சிதைந்துபோய், ஊர் பல மாதம் டாங்கர் தண்ணீரை நம்பிக் காலம் தள்ளியது.

ஈ.கோலை என்ற பெயர் வேறொரு வகைச் செய்தியிலும் அடிபடுகிறது. எங்கோ ஒரு நாட்டில் பர்கரோ பச்சைக் கீரையோ சாப்பிட்ட குழந்தைக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டன, டயாலிசிஸ் நடக்கிறது, காரணம் ஈ.கோலை. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படிப்பவர்கள் இரண்டு விதமாகக் குழம்புகிறார்கள். கடலில் கால் நனைத்தாலே கிட்னி போய்விடுமோ என்று சிலர் நடுங்குகிறார்கள். இத்தனை வருஷமாகக் குளிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் இரண்டு செய்தியையுமே தள்ளிவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஏனென்றால் இந்த நோயில் முக்கியமான முடிவுகள் ஆய்வக ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, வீட்டில், முதல் சில நாட்களில் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எந்த மாத்திரையைக் கொடுப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது, எதைக் கவனிப்பது என்பதை டாக்டருக்கு முன்பே அம்மாவும் பாட்டியும் தீர்மானித்திருப்பார்கள்.

ஒரே பெயர், பல கிருமிகள்

ஈ.கோலை என்பது ஒரே ஒரு கிருமி அல்ல, ஒரு பெரிய குடும்பம். நம் ஒவ்வொருவர் குடலிலும், ஆடு மாடுகளின் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கிறது. பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தருவதில்லை.

கடற்கரையில் எண்ணுவது இந்தக் குடும்பத்தின் மொத்தத் தலைக்கணக்கை. 100 மில்லி தண்ணீரில் எத்தனை ஈ.கோலை என்று பார்க்கிறார்கள். அது குடலில்தான் வாழும் என்பதால், தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்திருந்தால் காலரா, டைபாய்டு, கல்லீரல் அழற்சி வைரஸ் என்று எதுவும் கூட வரலாம். ஆக அந்த எண்ணிக்கை ஓர் அடையாளம், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரத்தில் 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று வைத்திருப்பதும் இதனால்தான்.

கிட்னியைத் தாக்குவது இந்தக் குடும்பத்தின் ஒரு சிறிய கிளை. ஷிகா நச்சு என்ற ஒரு புரதத்தைத் தயாரிக்கும் மரபணு அதனிடம் இருக்கிறது. கடற்கரைக் கணக்கில் இது தனியாகத் தெரியாது. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்து ஒன்றில்கூட நச்சு மரபணு இல்லாமல் இருக்கலாம். குறைவாக இருந்து அதில் சில இந்தக் கிளையாக இருக்கலாம். இந்தக் கிளைக்கு நோய் உண்டாக்கக் கூட்டமும் தேவையில்லை, நூறுக்கும் குறைவான கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே போதும். காலராக் கிருமி லட்சக்கணக்கில் உள்ளே போனால்தான் பொதுவாக நோய் வரும் என்பதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதனால்தான் இது ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு டயப்பர் மாற்றும் கை வழியாகவே தொற்றிவிடுகிறது.

நச்சின் வரலாறு, சுருக்கமாக

1897இல் ஜப்பானில் ரத்தபேதி பரவிக்கொண்டிருந்தபோது கியோஷி ஷிகா என்ற இளம் ஆய்வாளர் அதற்கான கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமிக்கு ஷிகெல்லா என்றும், அது கக்கும் நச்சுக்கு ஷிகா நச்சு என்றும் அவர் பெயரே நிலைத்தது. அப்போது அதற்கும் ஈ.கோலைக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தெரியாது.

1977இல் கனடாவில் சில ஈ.கோலை வகைகள், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் கிட்னியிலிருந்து வளர்த்த செல்களைக் கொல்வதைக் கண்டார்கள். 1982இல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் வேகாத பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தபேதி வந்தது. அங்கே பிடிபட்டதுதான் பிறகு உலகமெங்கும் பேர்போன ஓ157 வகை. அடுத்த வருடமே டொரன்டோவில் ஆய்வாளர் கர்மாலியும் அவர் குழுவினரும், குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் ஒருவகை கிட்னிச் செயலிழப்புக்கும் இந்த நச்சுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அந்தக் கிட்னி நோயை 1955லேயே சுவிட்சர்லாந்தில் விவரித்திருந்தார்கள். ஹெச்.யூ.எஸ். (ஹீமோலிடிக் யூரீமிக் சிண்ட்ரோம்) என்று பெயரும் வைத்தாயிற்று. காரணம் மட்டும் ஏறத்தாழ முப்பது வருடம் தெரியாமலே இருந்தது.

நச்சில் இரண்டு வகை உண்டு. முதல் வகை ஷிகா கண்ட நச்சேதான் என்று சொல்லலாம், கிட்டத்தட்ட அச்சு அசல். இரண்டாவது வகை கொஞ்சம் மாறுபட்டது, கிட்னிக்கு அதிகக் கேடு செய்வது. எந்த வகை நச்சு இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்துச் சொல்வது வெறும் ஆராய்ச்சிக்காக அல்ல. யாரை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

1. கிருமி குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அது ரத்தத்துக்குள் போவதில்லை, குடலிலேயே தங்கி நச்சை வெளியே விடுகிறது. ரத்தத்துக்குள் போவது நச்சு மட்டும்தான். ரத்தத்தில் கிருமியைத் தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

2. நச்சுக்கு இரண்டு பாகம். ஐந்து துண்டுகள் சேர்ந்த ஒரு பாகம் செல்லைப் பற்றிக்கொள்ளும். மற்றது உள்ளே போய் வேலையைக் காட்டும். பற்றிக்கொள்வதற்கு செல்லின் மேல் ஒரு குறிப்பிட்ட கொழுப்பு மூலக்கூறு வேண்டும். மனிதர்களின் கிட்னியில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் அது நிறைய இருக்கிறது, மூளையிலும் இருக்கிறது. மாட்டின் ரத்தக்குழாயில் இல்லை. அதனால்தான் இந்தக் கிருமியை வயிற்றில் சுமந்துகொண்டு மாடு எந்த நோயுமில்லாமல் மேய்கிறது. பார்த்தால் ஆரோக்கியமான மாடு, எனவே பாலும் சாணமும் சுத்தம் என்று நினைப்பது இங்கே செல்லாது.

3. செல்லுக்குள் போன நச்சு, புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒரே ஒரு இடத்தைச் சிதைக்கிறது. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் என்ற கொடிய விஷமும் அதே இடத்தைத்தான் சிதைக்கிறது. புரதத் தயாரிப்பு நின்றதும் செல் செத்துவிடுகிறது.

4. ரத்தக்குழாயின் உட்சுவர் இப்படிப் புண்ணானதும் அங்கே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குவிந்து குட்டிக் குட்டி உறைவுகள் உண்டாகின்றன. அந்த இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள், முள்வேலியில் மாட்டிய துணி மாதிரி கிழிபடுகின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வட்டமான அணுக்களுக்குப் பதிலாகக் கிழிந்த துண்டுகள் தெரியும்.

5. இதன் விளைவு மூன்று: சிவப்பணு சிதைந்து ரத்தசோகை, தட்டணுக் குறைவு, கிட்னிச் செயலிழப்பு. மூன்றும் சேர்ந்ததுதான் ஹெச்.யூ.எஸ்.

தொற்று வந்த எல்லோருக்கும் இது வராது. பொதுவாக நூற்றில் 5 முதல் 10 பேருக்கு வரும். ஓ157 தொற்றிய சிறு குழந்தைகளில் இன்னும் கூடுதல், நூற்றுக்கு 15 வரை போகும். ஹெச்.யூ.எஸ். வந்த குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில்கூட நூற்றில் 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் ஏன் இத்தனை எச்சரிக்கை

கிருமி என்றால் ஆன்டிபயாட்டிக் என்பது நம் எல்லோர் மனதிலும் ஊறியது. இங்கே மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

நச்சுக்கான மரபணு உண்மையில் ஈ.கோலையின் சொந்தச் சொத்து அல்ல. பாக்டீரியாக்களைத் தாக்கும் ஒருவகை வைரஸ், ஃபாஜ் என்பார்கள், அதன் மரபணுத் தொகுதியோடு சேர்ந்து வந்து ஈ.கோலையின் மரபணுவுக்குள் ஒட்டிக்கொண்டது. சாதாரண நாட்களில் அந்த வைரஸ் உறங்கிக் கிடக்கும். கிருமியின் டி.என்.ஏ. சேதமடைந்து அதற்கு உயிர் ஆபத்து வந்தால் வைரஸ் விழித்துக்கொள்கிறது, வேகமாகத் தன்னைப் பெருக்குகிறது. கூடவே நச்சும் பெருகுகிறது. கடைசியில் கிருமி வெடிக்கும்போது வைரஸும் நச்சும் சேர்ந்து கொட்டுகின்றன. டி.என்.ஏ.வைத் தாக்கும் சில ஆன்டிபயாட்டிக்குகள், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்றவை, ஆய்வகத்தில் சரியாக இந்த விழிப்பைத்தான் உண்டாக்குகின்றன. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஓ157 தொற்றிய 71 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஹெச்.யூ.எஸ். வருவது கூடுதலாக இருந்தது.

சரி, அப்படியானால் ரத்தபேதிக்கு டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. இந்த இடத்தைத்தான் நம்மவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் ரத்தபேதிக்கு ஷிகெல்லா ஒரு பெரிய காரணம். ஷிகெல்லாவுக்கு ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும் மருந்து. ஷிகெல்லாவிடம் உள்ள நச்சு மரபணு, முடங்கிப்போன ஒரு வைரஸின் எச்சத்தில் இருக்கிறது, அது ஈ.கோலையில் போல விழித்தெழுந்து பெருகாது. ஆகவே இங்குள்ள கிளினிக்குகளில் ரத்தபேதி என்றதும் ஷிகெல்லாவை மனதில் வைத்து மருந்து கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. குழந்தையின் வயது, காய்ச்சல், ஊரில் என்ன பரவுகிறது என்பதையெல்லாம் பார்த்து டாக்டர் எடுக்கும் முடிவு அது. நாம் விட வேண்டியது, போன தடவை மீந்த மாத்திரையை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுப்பதையும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பாட்டிலைத் திறப்பதையும்தான்.

பேதியை நிறுத்தும் லோபரமைட் வகை மருந்துகளும் அப்படியே. குடலின் அசைவை நிறுத்தினால் நச்சு உள்ளேயே தேங்கி நிற்கும். ரத்தம் தெரிந்துவிட்டால் அதைத் தொடவே கூடாது. வலிக்கு இபுபுரூஃபன் வகை மாத்திரைகளும் வேண்டாம், அவை கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

நம் மாகாணத்திலும் பக்கத்திலும் நடந்தவை

இது அமெரிக்க பர்கர் வியாதி என்று நினைப்பவர்களுக்காக இரண்டு நிகழ்வுகள்.

முதலாவது 1992. தெற்கு ஆப்பிரிக்கா முழுவதும் அந்த வருடம் கடும் வறட்சி. நீர்நிலைகள் சுருங்கின, கால்நடைகள் செத்து விழுந்தன. அக்டோபரில் முதல் மழை பெய்தபோது, தரையில் பல மாதமாகக் குவிந்து கிடந்த சாணத்தை எல்லாம் அடித்துக்கொண்டு போய் ஓடைகளில் சேர்த்தது. நம் மாகாணத்தின் வடக்கு எல்லையை ஒட்டிய சுவாசிலாந்தில், இப்போதைய எஸ்வாட்டினியில், அக்டோபர், நவம்பர் இரண்டே மாதத்தில் 5 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் 40,912 முறை வயிற்றுப்போக்குக்காக மருத்துவரிடம் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. முந்தைய இரண்டு வருடங்களோடு ஒப்பிட்டால் இது ஏழு மடங்கு. ஆராய்ந்து பார்த்ததில் ஓ157 வகைக் கிருமி கிடைத்தது. சுத்திகரிக்காத தண்ணீர் குடித்ததும் மாட்டிறைச்சி சாப்பிட்டதும் நோயோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன.

அதே சமயம் தென்னாப்பிரிக்கப் பக்கத்திலும் நோய் வந்தது. அங்கே பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்தபோது ஓடைத் தண்ணீரைக் குடித்த ஆண்கள். வீட்டில் இருந்து போர்வெல் தண்ணீரைக் குடித்த பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள். இந்த ஒரு விவரமே எனக்குப் போதும். இறைச்சி, வயது, உடல் பலம் எல்லாவற்றையும் விட, எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பதுதான் அங்கே யாருக்கு நோய் வரும் என்பதைத் தீர்மானித்தது. கிருமியும் மாட்டு வயிற்றிலிருந்து மழையின் தோளில் ஏறி வந்ததே தவிர, ஆகாயத்திலிருந்து வரவில்லை. 2000 மே மாதம் கனடாவின் வாக்கர்டன் ஊரிலும் இதேதான்: பெருமழை, மாட்டுச் சாணம், ஊர்க் கிணறு, குளோரின் சரியாகப் போடாத அலட்சியம். சுமார் 2,300 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். பணக்கார நாடு என்பதால் மழை தள்ளி நிற்கவில்லை.

இரண்டாவது நிகழ்வு நம் மாகாணத்துக்கு உள்ளேயே. 1994 முதல் 1996 வரை குவாசூலு-நட்டாலில் ஷிகா கண்டுபிடித்த அதே ரத்தபேதிக் கிருமி பரவியது. வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அது அசையவில்லை. அந்தச் சமயத்தில் டர்பன் குழந்தை மருத்துவர்கள் ஹெச்.யூ.எஸ். நிலைக்குப் போன 80க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து, அந்த அனுபவத்தை 1997இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஆறில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. பாதிக்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குழாய்த் தண்ணீரும் கழிவறையும் சரியாகக் கிடைக்காத வீடுகளில்தான் இந்த நோய் வேர்விடும். அந்தக் கிருமி இன்று தென்னாப்பிரிக்காவில் மிக அரிதாகிவிட்டது. ஆனால் அது நுழைந்த வாசல், அதாவது உடைந்த குழாயும் வழியும் சாக்கடையும், 2022க்குப் பிறகு மறுபடி அகலத் திறந்து கிடக்கிறது.

"நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதே இல்லை"

தமிழ் வீடுகளில் இதைச் சொல்லி நிம்மதி அடைபவர்கள் நிறைய. மாடு முக்கியமான இருப்பிடம் என்பது உண்மைதான். ஆனால் ஆடு, செம்மறி ஆடு இவற்றின் குடலிலும் இந்தக் கிளை வாழ்கிறது. அதைத் தாண்டியும் வழிகள் உண்டு.

1. இறைச்சி. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். நெருப்பு பட்டதும் செத்துவிடும். அரைத்த மின்ஸில் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. நம் மின்ஸ் கறி நன்றாகக் கொதித்து வற்றுவதால் கவலையில்லை. பிரை என்னும் திறந்தவெளிக் கரி அடுப்பில் வெளியே கருகி உள்ளே சிவப்பாக இருக்கும் பர்கர் கறித்தட்டையும் பூர்வோர்ஸ் சாசேஜும்தான் பிரச்சினை. நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அம்மன் பூஜைக்கோ வீட்டு விசேஷத்துக்கோ முற்றத்தில் ஆடு வெட்டும்போது கவனம் இன்னும் தேவை: குடலைக் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் குழந்தைகள் விளையாடுவதும், அதே பலகையில் சாலடுக்கு வெங்காயம் நறுக்குவதும் கண்முன்னே நடக்கிற காரியங்கள்.

2. முளைகட்டிய தானியம். 2011இல் ஜெர்மனியில் 3,800க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்து, 800க்கும் மேற்பட்டோருக்கு ஹெச்.யூ.எஸ். ஆகி, 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்து அந்த விவசாயிகள் நஷ்டப்பட்டதுதான் மிச்சம். கடைசியில் துப்பு போய் நின்ற இடம் வெந்தயம். எகிப்திலிருந்து இறக்குமதியான ஒரு லாட் வெந்தய விதையை முளைகட்டி, பச்சையாகச் சாப்பிட்டதே காரணமாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு முடிவுக்கு வந்தது. அதே வருடம் ஜூன் மாதம் பிரான்சின் போர்தோ பக்கத்திலும் அதே கிருமி, அங்கும் வெந்தய முளை. அந்த ஓ104 கிருமி அதற்கு முன் மிக அரிதாகவே கண்ட ஒரு கலவை. பாதிக்கப்பட்டவர்களில் பெரியவர்கள், அதிலும் பெண்கள், அதிகம். கிழவருக்கும் குழந்தைக்கும் மட்டும்தான் ஆபத்து என்ற எண்ணத்தை அது உடைத்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் வெந்தயத்தைத் தூக்கிப் போட வேண்டாம். எண்ணெயில் பொரியும் வெந்தயத்திலும் குழம்பில் கொதிக்கும் வெந்தயத்திலும் கிருமி பிழைக்காது. கிருமி பெருக ஈரம், வெதுவெதுப்பு, நேரம் மூன்றும் வேண்டும். ஈரத்துணியில் கட்டி இரண்டு மூன்று நாள் வைக்கும்போது மூன்றுமே கிடைத்துவிடுகின்றன. சர்க்கரைக்காக இரவில் ஊறவைத்துக் காலையில் விழுங்குபவர்கள் ஃபிரிஜ்ஜில் வைத்து ஊறவையுங்கள். முளைகட்டிய பயறு, வெந்தயம் இரண்டையும் ஒரு கொதி விட்டு அல்லது நன்றாக வதக்கிச் சாப்பிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சை முளை கொடுக்கவே வேண்டாம்.

3. பால். தைப்பூசக் காவடிக்கும் பால்குடத்துக்கும் கடையில் வாங்கும் பால் காய்ச்சிப் பதப்படுத்தப்பட்டது, பிரச்சினையில்லை. பண்ணையிலிருந்து நேராகக் கறந்த பாலை அபிஷேகம் செய்து, அதைக் காய்ச்சாமல் குழந்தைகளுக்குத் தீர்த்தமாகக் கொடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டும். காய்ச்சிக் கொடுத்தால் பிரசாதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. புளித்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையும் இந்தக் கிருமியிடம் பலிக்காது. அமிலத்தைத் தாங்கப் பழகிய ஓ157, புளித்த பாலான அமாசியில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

4. கீரை. இங்கே ஹெர்ப்ஸ் என்று நாம் வாங்கும் கீரைகளைச் சமைத்துத்தான் சாப்பிடுகிறோம், நல்லது. கொத்தமல்லி, புதினா, லெட்யூஸ் மூன்றும் பச்சையாகவே இலைக்கு வருகின்றன. ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவை என்றால் கழுவுவது கிருமியைக் குறைக்குமே தவிர, முழுவதும் போக்காது.

5. தண்ணீர். குழாயில் தண்ணீர் நின்று போய் மறுபடி வரும் நாட்களிலும், டாங்கர் தண்ணீர் பிடிக்கும் நாட்களிலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். முடியாவிட்டால் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வாசனை சேர்க்காத சாதாரண ஜிக் (வீட்டு ப்ளீச்) கலந்து குறைந்தது 2 மணி நேரம் மூடி வையுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் சேற்றோடு தீர்ந்துபோகும்.

கடற்கரையைப் பொறுத்தவரை: கால் நனைத்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் வாய்க்குள் போவதுதான் வழி, சின்னக் குழந்தைகள் கடலில் விளையாடும்போது தண்ணீரை விழுங்கத்தான் செய்வார்கள். தடை போட்டிருக்கும் நாட்களிலும், பெருமழைக்குப் பின் ஓரிரு நாளும், முக்கியமாக ஆற்று முகத்துவாரங்களுக்குப் பக்கத்திலும் அவர்களை இறக்காதீர்கள்.

நாள் கணக்கு

இந்த நோய் ஏமாற்றுவது நாட்களை வைத்துத்தான்.

1. கிருமி உள்ளே போய் பெரும்பாலும் 3, 4 நாள் கழித்து வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலியும் தண்ணீராகப் பேதியும் ஆரம்பிக்கும். காய்ச்சல் அநேகமாக இருக்காது அல்லது லேசாக இருக்கும். காய்ச்சல் இல்லையே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

2. அதற்கு அடுத்த ஒன்று முதல் மூன்று நாளில் பேதியில் ரத்தம் தெரியும். சில குழந்தைகளுக்கு மலமே இல்லாமல் ரத்தமாகவே போகும். ரத்தத்தைப் பார்த்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

3. பேதி தொடங்கி 5ஆம் நாள் முதல் 7ஆம் நாளுக்குள் பேதி குறையத் தொடங்கும். வீட்டில் எல்லோரும் மூச்சுவிடுவார்கள். ஹெச்.யூ.எஸ். பெரும்பாலும் தலைகாட்டுவது சரியாக இந்த நேரத்தில்தான். 10 நாள் தாண்டியும் வரலாம்.

பேதி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பார்க்க வேண்டியவை இவை: சிறுநீர் குறைவது, குழந்தை டயப்பரை எட்டு மணி நேரமாக நனைக்காமல் இருப்பது, கண்ணின் கீழிமையும் உதடும் வெளுப்பது, முகமும் காலும் வீங்குவது, தோலில் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள், வழக்கத்துக்கு மாறான சோர்வு, வலிப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக மருத்துவமனை. நம் தோல் நிறத்தில் வெளுப்பு சட்டென்று தெரியாது. கீழிமையை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ரத்தம் வராத சாதாரணப் பேதிக்கு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 8 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொடுக்கும் கரைசல் போதும். ரத்தம் வந்துவிட்டால் இதைக் கொடுத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். மருத்துவமனையில் ஆரம்பத்திலேயே நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றிக்கொண்ட குழந்தைகளுக்குக் கிட்னி அதிகம் கெடாமல் தப்புவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நச்சை முறிக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. இருப்பதெல்லாம் நீர்ச்சத்தைக் காப்பது, தினமும் தட்டணுவையும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் பார்ப்பது, தேவையானால் ரத்தமும் டயாலிசிஸும். அதனால் ஒரு நாள் முன்னதாகப் போவதற்கு இந்த நோயில் உண்மையான மதிப்பு உண்டு.

ஆய்வகத்திடம் என்ன கேட்பது

மலப் பரிசோதனை செய்தோம், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது என்பார்கள். பல ஆய்வகங்களில் வழக்கமான மலப் பரிசோதனை ஷிகெல்லா, சால்மொனெல்லா போன்றவற்றைத்தான் தேடும். ஓ157ஐப் பிடிக்க சார்பிட்டால் என்ற சர்க்கரை கலந்த, கிருமி வளர்க்கும் தனித் தட்டு வேண்டும். அதில் மற்ற ஈ.கோலை நிறம் மாறி வளரும், ஓ157 நிறமில்லாமல் நிற்கும். ஓ26, ஓ111 போன்ற மற்ற வகைகள் அந்தத் தட்டிலும் சாதாரணக் கிருமி மாதிரியே தெரியும். அவையும் தென்னாப்பிரிக்க நோயாளிகளிடம் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பிடிக்க நச்சையோ அதன் மரபணுவையோ நேராகத் தேடும் பி.சி.ஆர். போன்ற சோதனை தேவை. இங்கே பதிவாகும் எண்ணிக்கை குறைவாக இருப்பதைப் பார்த்து நோயே குறைவு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தேடும் இடத்தில்தானே கிடைக்கும்.

எனவே ரத்தபேதி என்றால் டாக்டரிடம் இப்படியே கேட்கலாம்: "ஷிகா நச்சுக்கும் சேர்த்து மலத்தைப் பரிசோதிக்க முடியுமா?" மாதிரியை பேதி தொடங்கிய முதல் ஆறு நாளுக்குள், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்னால் கொடுப்பது நல்லது; அதன் பிறகு கிருமி கிடைப்பது கடினம்.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஹெச்.யூ.எஸ். முதல் பிரிவில் உள்ள அறிவிக்க வேண்டிய நோய், 24 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வகத்தில் இந்தக் கிருமி கிடைத்தாலும் தெரிவிக்க வேண்டும். இது வெறும் காகித வேலை அல்ல. 2017, 2018இல் 200க்கும் மேற்பட்டோரைக் கொன்ற லிஸ்டீரியா கிருமித் தொற்றின் துப்பை போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியில் கொண்டுபோய் நிறுத்தியது, நோயாளிகளிடமிருந்து வந்த கிருமிகளின் மரபணு வரிசையைத் தேசியத் தொற்றுநோய் நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். கிருமியே ஆய்வகத்துக்கு வராவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

தேறிய பிறகு

குழந்தை வீட்டுக்கு வந்து, சிறுநீர் சரியாகப் போய், முகத்தில் ரத்தம் ஏறியதும் கதை முடிந்ததாக நினைப்பது இயல்பு. ஆனால் ஹெச்.யூ.எஸ்.இலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கூடுவது, சிறுநீரில் புரதம் போவது, கிட்னியின் வேலைத்திறன் குறைவது என்று பின்னாளில் ஏதாவது ஒன்று தெரிகிறது. வாக்கர்டனில் நோயுற்ற பெரியவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோதும் ரத்த அழுத்தம் கூடியிருந்தது. எனவே குறைந்தது ஐந்து வருடமாவது, வருடம் ஒரு முறை மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்: ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின். முதல் இரண்டையும் பக்கத்து கிளினிக்கிலேயே பார்த்துவிடலாம். குழந்தையின் கிளினிக் கார்டில் ஹெச்.யூ.எஸ். வந்த தேதியைப் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அது கூடவே போகும்.